உலர்த்தியின் நான்காவது கம்பி: வாடகை வீட்டார் அறியவேண்டியவை

சென்ற குளிர்காலத்தின் நடுப்பகுதியில், ஸ்காபரோவில் நிலக்கீழ் வீடொன்றில் வாடகைக்குக் குடியிருக்கும் எம்மவர் குடும்பமொன்றைச் சந்திக்கச் சென்றிருந்தோம். தேநீர் பரிமாறிய அந்த வீட்டு அம்மா, பேச்சோடு பேச்சாக ஒரு விடயத்தைச் சொன்னார். “உந்த ட்ரையரை ஈரக்கையோட தொட்டால் விறுவிறெண்டு இழுக்குது. நான் துவாயாலை பிடிச்சுத்தான் கதவைத் திறக்கிறனான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிள்ளைகள் இருவரும் அந்த மூலைப்பக்கம் போகக்கூடாது என்பது வீட்டுக் கட்டளையாம்.

எமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூலையில் சலவை இயந்திரமும் உலர்த்தியும் ஒரு சாண் இடைவெளியில் நிற்கின்றன. கீழே ஈரம் கசியும் சீமெந்துத் தரை. ஒரு கை சலவை இயந்திரத்திலும் மறு கை உலர்த்தியிலும் பட்டால் மின்சாரம் நெஞ்சின் ஊடாகவே பாயும். “வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லையா?” என்று குடும்பத் தலைவரைக் கேட்டோம். “சொல்லலாம்தான். ஆனால் வேலையும் இல்லாமல், கடன் வரலாறும் இல்லாமல் வந்து நிண்ட எங்களுக்கு வீடு தந்த மனிசன். முதலிலை கேஸ் முடியட்டும் எண்டு இருக்கிறம்” என்றார். அவர் குறிப்பிட்ட கேஸ் அகதிக் கோரிக்கை விசாரணை.

நடந்தது இதுதான். அவர்கள் பழைய உலர்த்தி ஒன்றை மலிவாக வாங்கினார்கள். அதன் செருகியில் மூன்று முனைகள். சுவரிலிருந்த செருகுவாயிலோ நான்கு துளைகள். ஊரில் மின்வேலை பழகிய ஒரு தம்பி உதவிக்கு வந்தார். நான்கு துளைச் செருகுவாயைக் கழற்றிவிட்டு, மூன்று துளையுள்ள ஒன்றைப் பூட்டினார். உலர்த்தி ஓடியது. தம்பி பணம் வாங்கவில்லை. சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார். நல்ல மனதோடு செய்யப்பட்ட வேலை. ஆயினும் அந்த ஒரு மாலைப்பொழுதில் உயிரைக் காக்கும் கம்பி சுவருக்குள் மடித்து வைக்கப்பட்டுவிட்டது.

அது எந்தக் கம்பி என்பதை விளங்கிக்கொள்ள மின்பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கனடாவில் வீட்டுக்குள் வரும் உயிர்க்கம்பிகள் இரண்டு. அவற்றுள் எந்த ஒன்றுக்கும் நொதுமல் கம்பிக்கும் இடையில் 120 வோல்ற். உயிர்க்கம்பிகள் இரண்டுக்கும் இடையில் 240 வோல்ற். உலர்த்தியின் சூடாக்கும் சுருள் 240 வோல்ற்றில் இயங்குகிறது. உருளையைச் சுழற்றும் மோட்டாரும் உள்ளே எரியும் சிறு விளக்கும் பொதுவாக 120 வோல்ற்றில் இயங்குவன. ஆகவே உயிர் இரண்டு, நொதுமல் ஒன்று என மூன்று கம்பிகள் இல்லாமல் அது வேலை செய்யாது. நான்காவது, புவிக்கம்பி, எர்த் வயர் என்று நாம் ஊரில் சொல்வது. அது இல்லாவிட்டாலும் உலர்த்தி ஓடும், துணி காயும், எவருக்கும் ஐயம் எழாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

உயிர்க்கம்பியொன்றின் உறை தேய்ந்து உலர்த்தியின் தகரத்தில் முட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். புவிக்கம்பி சரியாக இணைக்கப்பட்டிருந்தால், பெருமளவு மின்னோட்டம் அதன் வழியே மின்பலகைக்குத் திரும்பி ஓடும். 30 அம்பியர் பிரேக்கர் கணப்பொழுதில் விழுந்துவிடும். புவிக்கம்பி இல்லையெனில் பிரேக்கர் விழாது. 120 வோல்ற்றைச் சுமந்துகொண்டு அந்தத் தகரம் அமைதியாகக் காத்திருக்கும்.

மூன்று முனைச் செருகி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் விடையுண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில், செம்பைச் சேமிக்கும் பொருட்டு, மின்னடுப்பின் உலோக உடலை நொதுமல் கம்பியுடனேயே இணைத்துவிட அமெரிக்காவில் சலுகை அளிக்கப்பட்டது. யுத்தம் முடிந்த பின்னரும் சலுகை முடியவில்லை, உலர்த்திகளுக்கும் நீண்டது. 1996ஆம் ஆண்டின் அமெரிக்க மின் விதித்தொகுப்பே புதிய மின்சுற்றுகளில் அதனை நிறுத்தியது. கனடாவில் விற்கப்படும் உலர்த்திகள் நான்கு முனைச் செருகியோடு வருவதே வழமை. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பழைய இயந்திரங்களும், பழைய வீடுகளில் எஞ்சியுள்ள மூன்று துளைச் செருகுவாய்களுமே இந்தக் குழப்பத்தை இங்கே உயிரோடு வைத்திருக்கின்றன.

அத்தகைய இயந்திரத்தின் முதுகுப் பகுதியில், நொதுமல் முனையையும் உலோக உடலையும் இணைக்கும் ஒரு சிறு பட்டி இருக்கும். நொதுமல் கம்பி இறுக்கமாக உள்ளவரை தொல்லை இல்லை. அதன் திருகாணி தளர்ந்தால், மோட்டாரிலிருந்து திரும்பவேண்டிய மின்னோட்டத்துக்கு வழி தடைப்படும். பட்டியின் ஊடாக உலர்த்தியின் உடல் முழுவதும் மின்னேறும். பக்கத்திலுள்ள சலவை இயந்திரமோ முறையாகப் புவியோடு இணைக்கப்பட்டது. அந்த அம்மாவின் கையை இழுத்தது இந்த இரண்டுக்கும் இடையிலிருந்த வேறுபாடே.

இவ்விடத்தில் எமது தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் கைத்திறனில் எமக்கு ஐயமில்லை. ஊரில் யுத்தகாலத்து மின்வெட்டுக்கும் மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கும் ஈடுகொடுத்து வீடுகளை ஒளியேற்றியவர்கள் நீங்கள். ஆனால் ஊரில் கற்ற ஒன்று இங்கே உயிரைக் குடிக்கும். நாம் பழகிய முறையில் சிவப்பு உயிர், கறுப்பு நொதுமல், பச்சை புவி. இங்கே கறுப்பே உயிர். உலர்த்திக்குச் செல்லும் வடத்தில் கறுப்பும் சிவப்பும் ஆகிய இரண்டும் உயிர், வெள்ளை நொதுமல், உறையற்ற செம்புக்கம்பி புவி. கறுப்பைக் கண்டதும் ‘இது ஒன்றும் செய்யாது’ என்று பழைய ஞாபகத்தில் விரல் வைத்தால் பிறகு சொல்ல ஆளிருக்காது. கம்பியின் பருமனைக் குறிக்கும் எண்ணும் இங்கே தலைகீழானது. எண் சிறுக்கக் கம்பி பருக்கும். விளக்குகளுக்கான 15 அம்பியர் சுற்றுக்கு 14ஆம் இலக்கம். உலர்த்தியின் 30 அம்பியர் சுற்றுக்கு 10ஆம் இலக்கச் செம்புக்கம்பி, அதாவது ஏறத்தாழ 5.3 சதுர மில்லிமீற்றர். 14ஆம் இலக்கக் கம்பியை உலர்த்திக்கு இழுத்து 30 அம்பியர் பிரேக்கரில் பூட்டினால், பிரேக்கர் விழுவதற்கு முன்னரே சுவருக்குள் கம்பி வெந்துவிடும்.

இன்னொரு நம்பிக்கையையும் அடிக்கடி கேட்கிறோம். ‘எர்த் இல்லாவிட்டால் என்ன, வளவில் ஒரு கம்பியை அடித்து அதிலிருந்து வயர் இழுத்துவிடலாமே’ என்பது அது. ஊரில் கிணற்றடியில், வாழையடியில் கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டு நீர் ஊற்றிய நினைவு. ஆனால் மண் ஒரு மோசமான கடத்தி. நிலத்தில் இறக்கிய கம்பியின் தடை 25 ஓம் என்று கொண்டால், 120 வோல்ற் அதன் வழியே 5 அம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்தையே செலுத்தும். 30 அம்பியர் பிரேக்கருக்கு அது கொசுக்கடி. ஊரில் அந்த முறை பலித்ததற்குக் காரணம், சிறு கசிவையும் உணர்ந்து விழும் ட்ரிப் சுவிட்ச் உடனிருந்ததே. இங்கே உலர்த்தியின் சாதாரண பிரேக்கர் அவ்வாறு உணராது. தண்ணீர்க் குழாயில் கம்பியைச் சுற்றிவிடுவதும் தீர்வன்று. இடையில் ஒரு முழம் பிளாஸ்ரிக் குழாய் மாற்றப்பட்டிருந்தால் வழி அத்தோடு அறுந்துவிடும். எரிவாயுக் குழாயை நினைத்தும் பார்க்கவேண்டாம்.

வாடகைக்கு இருப்பவர் எதையும் கழற்றாமல், கண்ணாலும் மூக்காலும் அறியக்கூடியவை பல. செருகுவாயில் எத்தனை துளைகள்? உலர்த்திக்குரிய நான்கு துளைகளில் ஒன்று ட வடிவில் வளைந்திருக்கும்; அந்தத் துளை நேராக இருந்தால் அது அடுப்புக்குரியது, அங்கே இடைமாற்றி போட்டு உலர்த்தியை ஓட்டக்கூடாது. மின்பலகையின் சிறு கதவைத் திறந்தால், உலர்த்திக்கு இரண்டு கைப்பிடிகள் ஒன்றாகப் பிணைந்த, 30 என்று பொறித்த பிரேக்கர் இருக்கவேண்டும். உலர்த்தி ஓடிய பின் செருகி கைபொறுக்காத சூடாக இருந்தால், துளைகளைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால், மீன் கருகுவது போன்ற நெடி வீசினால், தொடுகையில் விறுவிறுப்பு இருந்தால் உலர்த்தியைத் தொடாமல் பிரேக்கரை விழுத்திவிட்டு நிறுத்துங்கள். செருகியைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். கடைகளில் விற்கும் மூன்று விளக்குச் சோதனைக் கருவி 120 வோல்ற் செருகுவாய்க்கு மட்டுமே உரியது.

செருகுவாய் நான்கு துளையாகவும் உலர்த்தி மூன்று முனையாகவும் இருந்தால், மாற்றவேண்டியது உலர்த்தியின் வடத்தையே. நான்கு கம்பி வடத்தைப் பூட்டி, முன்னர் சொன்ன பட்டியையும் நீக்கவேண்டும். பட்டியை மறந்தால் பாதி வேலைதான் நடந்தது. சுவரில் மூன்று துளை மட்டுமே இருந்தால், உள்ளே வரும் வடத்தில் புவிக்கம்பி உண்டா என்று தகுதியுள்ளவர் பார்க்கவேண்டும். இல்லையெனில் மின்பலகையிலிருந்து புதிய வடம் இழுப்பதே வழி. உள்ளே புவிக்கம்பி இல்லாமல் வெளியே நான்கு துளை முகத்தை மட்டும் பூட்டிவைப்பது பச்சை ஏமாற்று. அதனைச் செய்துவைத்திருக்கும் வீடுகளும் உண்டு.

தகுதியுள்ளவர் என்றால் யார்? ஒன்ராறியோவில் 2007 முதல், கூலி பெற்று மின்வேலை செய்யும் நிறுவனம் மின் பாதுகாப்பு அதிகாரசபையின் கீழ் உரிமம் பெற்ற ஒப்பந்தகாரராக இருத்தல் வேண்டும். புதிய சுற்று இழுத்தால் அதிகாரசபைக்கு முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். ஒப்பந்தகாரரின் உரிம எண்ணைக் கேட்டு அதிகாரசபையின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம், தொலைபேசி 1-877-372-7233. ஊரில் மின்வேலை செய்தவர்கள் தம் அனுபவத்தை மதிப்பீட்டுக்கு உட்படுத்தி, இம்மாகாணத்தின் தகைமைப் பரீட்சையை எழுதவும் இடமுண்டு. சில தம்பிமார் அந்த வழியில் போனால் எமது நிலக்கீழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் நன்மை.

செலவு யாருடையது என்பதே பலரையும் வாயடைக்கும் கேள்வி. 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வீட்டைப் பழுதில்லாமலும் பாதுகாப்பு விதிகளுக்கு அமைவாகவும் வைத்திருக்கும் பொறுப்பை வீட்டுச் சொந்தக்காரர் மீது சுமத்துகிறது. ‘தெரிந்துதானே வந்தீர்கள்’ என்ற பதில் செல்லாது. குறையை அறிந்தே குடிவந்திருந்தாலும் பொறுப்பு அவருடையதே என்று அதே பிரிவு சொல்கிறது. உலர்த்தி வாங்கித் தரவேண்டும் என்பதன்று. சுவரிலிருக்கும் மின் இணைப்பு ஆபத்தற்றதாக இருக்கவேண்டும் என்பதே. நீங்களே ஆள் பிடித்து மாற்றியிருந்தால் அதனை மறைக்காமல் சொல்லிவிடுவது மேல். செலவில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம், விழட்டும். குறையை எழுத்தில், திகதியோடு கொடுங்கள். வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். அது உங்களையே வெளியேற்றும் காரணமாகிவிடும். பலனில்லையெனில் நகரசபையை 311 என்ற எண்ணில் அழைக்கலாம்; வீட்டுச் சொந்தக்காரர் குடியிருப்பாளர் சபையிடம் விண்ணப்பிக்கலாம். அரச அதிகாரத்திடம் முறையிட்டதற்காக ஒருவரை வெளியேற்றச் சபை அனுமதிக்கக்கூடாது என்று 83ஆம் பிரிவு கூறுகிறது. ஒரு விதிவிலக்கைக் கவனிக்க: சமையலறையையோ குளியலறையையோ அங்கே வாழும் சொந்தக்காரருடன் கட்டாயம் பகிர்ந்துகொள்பவருக்கு இச்சட்டம் பொருந்தாது. அத்தகையோர் தென்னாசியச் சட்ட உதவி நிலையம் போன்ற இடங்களில் ஆலோசனை கேட்பது நன்று.

அகதிக் கோரிக்கையைப் பற்றிய அச்சத்துக்கும் விடை சொல்லவேண்டும். வாடகைப் பிணக்கைக் கேட்பது மாகாணத்தின் சபை. அகதிக் கோரிக்கையைக் கேட்பது மத்திய அரசின் குடிவரவு, அகதிகள் சபை. ஒன்றிலுள்ள செருகுவாய் முறைப்பாடு மற்றதில் உங்கள் நம்பகத்தன்மையை அளக்கும் சான்று ஆகாது. குடிவரவு நிலை எதுவாயினும் நகரசபையின் சேவைகளைப் பெறலாம் என்று ரொறன்ரோ 2013இலேயே தீர்மானித்தது.

மறுபுறம், மௌனத்துக்கும் விலையுண்டு. சென் ஜேம்ஸ் ரவுண் எமது மக்கள் பலர் இந்நகரில் முதன்முதலாகக் குடியேறிய இடம். அங்கே பார்லிமென்ற் வீதி 650ஆம் இலக்கத் தொடர்மாடியில் 2018 ஓகஸ்ட் 21ஆம் திகதி மூண்ட தீ, கட்டடத்தின் மின்னமைப்பில் ஏற்பட்ட கோளாறிலிருந்து பிறந்தது. சுமார் 1,500 பேர் வீடிழந்தனர். 2020இல்தான் அவர்கள் திரும்பத் தொடங்கினர். தாம் தொடமுடியாத கம்பிகளுக்காக வாடகைக் குடியிருப்பாளர்கள் ஒன்றரை வருடத்துக்கு மேல் தெருவிலும் உறவினர் வீடுகளிலும் அலைந்தார்கள்.

ஸ்காபரோக் குடும்பத்தலைவர் ஒரு கிழமை யோசித்த பின், வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னார். நாம் எழுதிக்கொடுத்த கடிதத்தையும் கையளித்தார். “அண்ணை, குறை சொல்லுறன் எண்டு நினைக்கவேண்டாம், சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடு” என்று தொடங்கினாராம். வீட்டுக்காரர் சற்று முகம் சுளித்தார், பிறகு ஆளை அனுப்பினார். வந்தவர் செருகுவாயைக் கழற்றியபோது, பெட்டியின் பின்புறத்தில் செம்புப் புவிக்கம்பி மடிந்தபடி புத்தம்புதிதாகக் கிடந்தது. நொதுமல் திருகாணி தளர்ந்து கருகியிருந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் நான்கு துளைச் செருகுவாயும் நான்கு கம்பி வடமும் பூட்டப்பட்டன, பட்டி நீக்கப்பட்டது.

அந்த அம்மா துவாயை விட்டுவிட்டார். ஆனால் உலர்த்தியைத் திறக்கப் போகும்போது இறப்பர்ச் செருப்பை மட்டும் இன்னமும் மாட்டிக்கொண்டே போகிறார்.