பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் அந்தரங்கப் புண்: சந்தேகப்படும் முன் கேளுங்கள்

கையில் காலில் புண் வந்தால் மாமியாரிடம் காட்டி மருந்து கேட்கிற பெண், பிறப்புறுப்பில் புண் வந்தால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. கணவரிடம்கூடச் சொல்வதில்லை. சொன்னால் "வலிக்கிறதா?" என்பது முதல் கேள்வியாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆவடி, அம்பத்தூர் என்று எந்த ஜமாஅத்தை எடுத்துக்கொண்டாலும், பஞ்சாயத்து வரை வந்துவிடுகிற பிணக்குகளில் சில இங்கேதான் தொடங்குகின்றன. மருத்துவரிடம் போவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று கேட்டார். கூடாது என்று உடனிருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் அந்தத் தோழர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாதவர்கள் கேட்டிருக்க வேண்டும் என்று உணர்த்தினார்கள். அபூதாவூதில் வரும் இந்தச் சம்பவத்தைக் குளிப்புச் சட்டத்துக்காக மட்டும் நாங்கள் மதரஸாவில் படிப்பதுண்டு. நோய் விஷயத்தில் தெரியாமல் பேசுவது ஆளையே கொல்லும் என்பதும் அதில் இருக்கிறது.

திரும்பத் திரும்ப வரும் புண்ணுக்கு மிகப் பரவலான காரணம் ஹெர்பிஸ் வைரஸ். நாம் அக்கி என்று சொல்கிறோமே, அதை உண்டாக்கும் வைரஸின் குடும்பம்தான். சிறு கொப்புளங்களாக வந்து உடைந்து புண்ணாகும். ஆறிய பிறகும் வைரஸ் நரம்புக்குள் ஒளிந்திருக்கும். காய்ச்சல், மாதவிடாய், மன உளைச்சல் என்று உடல் தளரும்போது மீண்டும் தலைகாட்டும். உலகில் 15 முதல் 49 வயதுக்குள் சுமார் 84.6 கோடிப் பேருக்குப் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. தொற்றிப் பல வருடம் கழித்து முதல் புண் வருவதும் உண்டு. உதட்டோரக் கொப்புளத்தை உண்டாக்கும் வகை, பலருக்குச் சிறுவயதிலேயே தொற்றிவிடுகிறது; அதே வகை பிறப்புறுப்பிலும் வரும். ஆகவே புண்ணைப் பார்த்து, எப்போது தொற்றியது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. மருத்துவரே சொல்ல முடியாததை நாம் எப்படிச் சொல்வது? ஆதாரமில்லாமல் ஒரு பெண்ணின் கற்பைப் பேசுவது மார்க்கத்தில் தண்டனைக்குரிய குற்றம்.

தாம்பத்தியத்துக்கே சம்பந்தமில்லாத காரணங்களும் உண்டு. இஸ்தான்புல்லின் தோல் மருத்துவர் ஹுலூஸி பெஹ்ஜெத்திடம் வாயிலும் பிறப்புறுப்பிலும் புண், கண்ணில் அழற்சி என்று சிலர் வந்தார்கள். முதல் நோயாளிக்கு மேகப்புண், காசநோய் என்றெல்லாம் பல காலம் சந்தேகித்துவந்தார்கள். இவை தனியொரு நோய் என்று 1937-ல் அவர் எழுதினார். இன்று அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்குவதால் வருகிறது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. துருக்கி, ஈரான் முதல் ஜப்பான் வரை பட்டு வணிகப் பாதை நெடுகக் காணப்படுவது. நம் நாட்டில் குறைவு. அதனாலேயே இங்கே பல மருத்துவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. வாய்ப்புண்ணும் அடிக்கடி வருகிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கண் சிவந்து பார்வை மங்கினால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள், பார்வையே போகக்கூடும்.

மணமாகாத பெண் பிள்ளைக்கு, வைரஸ் காய்ச்சலை ஒட்டித் திடீரென்று பெரிய, கடும் வலியுள்ள புண் வரலாம். லிப்ஷுட்ஸ் புண் என்று பெயர். சில வாரங்களில் தானே ஆறிவிடும். தாய்மார்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு தவறான சொல் பிள்ளையின் மனதை விட்டுப் போகாது. இன்னொன்று மாத்திரை ஒவ்வாமை. ஒரே மாத்திரையைச் சாப்பிடும்போதெல்லாம் ஒரே இடத்தில் புண் வரும். மாதவிடாய் வலிக்குப் போடும் மெஃபனாமிக் அமில மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக்குகள் இதைச் செய்வதுண்டு. மாதாமாதம் வருகிறதே என்று பயந்தவருக்கு, மாத்திரையை மாற்றியதும் நின்றுபோகலாம்.

புண் புதிதாக இருக்கும்போதே, முதல் ஓரிரு நாளில் காட்டுங்கள். அப்போது எடுக்கும் நீர்மத்தில்தான் பிசிஆர் சோதனை தெளிவாகச் சொல்லும். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை மட்டும் பார்ப்பது போதாது. வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்தது என்று அது காட்டுமே தவிர, இந்தப் புண் அதனால்தான் என்று காட்டாது. எந்தத் தேதியில் வந்தது, மாதவிடாய் எப்போது, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், வாயில் புண் இருந்ததா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும், டெட்டால் கழுவலும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் உட்காருவது, சிறுநீர் கழிக்கையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது, தளர்ந்த பருத்தி உள்ளாடை ஆகியவை எரிச்சலைக் குறைக்கும். ஹெர்பிஸ் என்று உறுதியானால் அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் புண் வருவதைக் குறைக்கும். வைரஸை அடியோடு நீக்காது. காரணம் தெரிந்து, அது தொற்றாது என்று மருத்துவர் சொல்லும்வரை, புண் உள்ளபோது தம்பதியர் சேராதிருப்பது நல்லது. கர்ப்பிணிகள் மறைக்கவே கூடாது, பிரசவ நேரத்தில் ஹெர்பிஸ் புண் இருந்தால் குழந்தைக்கு ஆபத்து. பல வாரமாகியும் ஆறாத புண்ணுக்குச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

தொழுகை பற்றிக் கேட்கிறார்கள். புண்ணிலிருந்து வரும் ரத்தம் ஹைளு அல்ல. தொழுகையையோ நோன்பையோ விட வேண்டியதில்லை. ஒழுகும் ரத்தம், சீழ் ஹனஃபி மத்ஹபில் ஒளுவை முறிக்கும். ஷாஃபிஈ மத்ஹபில், வெளிப்புறப் புண்ணிலிருந்து வந்தால் முறிக்காது. வெளிப்புறத்தில் தடவும் களிம்பு நோன்பைப் பாதிக்காது.

பால்வினைப் பிரிவுக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: நம் நாட்டில் தோல் மருத்துவமும் பால்வினை மருத்துவமும் ஒரே மேற்படிப்பு. தோல் மருத்துவரிடம் போகிறேன் என்று சொல்வது பொய்யல்ல. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை. பால்வினை நோய்களுக்கென்றே அங்கு தனித் துறை இருக்கிறது. பெயர் சொல்லாமல் முதலில் கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். கணவர்கள் கூடவே போங்கள், நீங்களும் சோதனை செய்துகொள்ளுங்கள்.