காது கருவி மாட்டியாச்சு... இனி எல்லாம் பளிச்சுனு கேட்குமா?

கண்ணாடி போட்ட அன்றே எழுத்து பளிச்செனத் தெரிகிறது. காது கேட்கும் கருவியிலும் அதையே எதிர்பார்த்துத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கருவி, 'ஒரே இரைச்சலா இருக்கு' என்ற புகாரோடு இரண்டே வாரத்தில் பீரோவுக்குள் போய்விடுகிறது. எதை எதிர்பார்க்கலாம் என்று முன்பே தெரிந்திருந்தால், அந்தப் பணமும் நம்பிக்கையும் வீணாகாது.

ஏன் இந்த இரைச்சல்?

வயதாகும்போது உள்காதில் உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் சேதமடைகின்றன. அவை மறுபடி வளர்வதில்லை. கருவி ஒலியைப் பெருக்கித் தரும். போன செல்களைத் திருப்பித் தராது. 'ச', 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள்தான் பெரும்பாலும் முதலில் மங்கும். 'பேசுறது கேட்குது, என்னன்னுதான் புரியல' என்று தாத்தா, பாட்டிகள் சொல்வது இதனால்தான்.

கருவி மாட்டியதும் ஃபேன் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம், பேப்பர் மடிக்கும் சரசரப்பு எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழும். பல வருடங்களாக இவற்றைக் கேட்காத மூளை, எதைக் கவனிப்பது, எதை ஒதுக்குவது என்று மீண்டும் பழக வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை சொந்தக் குரலே பானைக்குள்ளிருந்து வருவதுபோல ஒலிக்கலாம்.

எப்படிப் பழகுவது?

* முதலில் அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசிப் பழகுங்கள். அடுத்து டி.வி., பிறகு கடைத்தெரு. கல்யாண மண்டபம் கடைசியில். மேளச் சத்தத்தில் நல்ல காது உள்ளவர்களே திணறுவார்கள்.

* தினமும் சில மணி நேரத்தில் தொடங்கி, படிப்படியாக நேரத்தைக் கூட்டுங்கள். என்றைக்கோ ஒருநாள் மாட்டினால் மூளை பழகாது.

* எந்த இடத்தில், எந்தச் சத்தம் தொந்தரவு செய்தது என்று குறித்துவைத்து ஆடியாலஜிஸ்ட்டிடம் சொல்லுங்கள். அதற்கேற்ப செட்டிங்கை மாற்றித் தருவார். வலியோ, கீச்சென்ற விசில் சத்தமோ இருந்தால் உடனே காட்டுங்கள். சரியாகப் பொருந்தாததும் காது அழுக்கும் காரணமாக இருக்கலாம்.

வீட்டில் உள்ளவர்கள் கவனத்துக்கு...

அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் கருவி இருந்தும் புரியாது. எதிரில் வந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் சொல் இன்னும் சிதையும். புரியவில்லை என்றால் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். 'ஒண்ணுமில்ல, விடுங்க' என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். அதைப் பலமுறை கேட்டவர்கள் மெல்ல மெல்லப் பேச்சையே குறைத்துக்கொள்கிறார்கள். கேட்கும் குறைபாட்டைக் கவனிக்காமல் விடுவது மறதி நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்று என 2020-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையமும் குறிப்பிட்டது.

கருவி வாங்கப் போகும்போதே, 'பேத்தியிடம் போனில் பேசணும்', 'கோயில் சொற்பொழிவு புரியணும்' என இரண்டு மூன்று தேவைகளை எழுதிக் கொண்டுபோங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் ஒன்றிரண்டு நிறைவேறியிருந்தாலே கருவி தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்!