தாத்தாவோட குட்டை பைப்: சுகம் எங்க இருக்கு, சூடு எங்க இருக்கு?

(எபிசோடில் பேசியதைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு மைக் பக்கத்துல ஒரு பொருளை வெச்சுக்கிட்டுப் பேசுறேன். மொத்த நீளம் பத்து சென்டிமீட்டர்தான் இருக்கும். உள்ளங்கையில வெச்சு மூடினா வெளிய தெரியாது. என் தாத்தாவோட பைப்.

பைப்னு சொன்னதும் பழைய படத்துல கவுன் போட்டுக்கிட்டு பங்களா மாடிப்படியில இறங்கி வர்ற பணக்கார அப்பாதான் நமக்கு ஞாபகம் வருவார். தமிழ்ல இதுக்கு 'சுங்கான்'னு ஒரு அழகான பேரு இருக்கு, அகராதியிலயே இருக்கு. ஆனா எங்கூரு தேவாரத்துல யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. 'பைப்பு'தான். அதுவும் ஊருக்கே ஒண்ணுதான் இருந்துச்சு, எங்க தாத்தா வாயில.

போன மாசம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "சிகரெட்டை விட்டுட்டு பைப்புக்கு மாறலாம்னு இருக்கேன். சின்ன சைஸ் பைப் பாக்கெட்டுல வெச்சுக்க வசதியா இருக்கு. வாங்கலாமா ப்ரோ?" அவருக்கான பதில்தான் இந்த எபிசோட். நானும் பத்து மாசம் அதைப் பிடிச்சவன். அதனால சுகத்தை மறைக்கவும் மாட்டேன், மத்ததை மறைக்கவும் மாட்டேன்.

பைப் எப்படிக் குட்டையாச்சு

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: தேவாரம் தேனி மாவட்டத்துல, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல இருக்கு. போடி மாதிரியே எங்க ஊர் ஆட்களும் காலையில ஜீப் ஏறி மேல இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் இறங்குவாங்க. தாத்தா அங்க கங்காணி. எஸ்டேட் மேனேஜர் ஒருத்தர் வேலையை விட்டுப் போறப்ப தன் பைப்பை தாத்தாகிட்ட கொடுத்துட்டுப் போனார். அப்போ அது முழு நீளப் பைப், பதினாலு பதினஞ்சு சென்டிமீட்டர் இருந்திருக்கும். ஒருநாள் சரிவுல வழுக்கி விழுந்ததுல தண்டு உடைஞ்சுபோச்சு. தாத்தா அதைத் தூக்கிப் போடல. மிச்சம் இருந்த தண்டை அரத்தால தேய்ச்சு, பல்லுல கடிக்கிற மாதிரி ஆக்கிக்கிட்டார்.

அது அவருக்கு ரொம்ப வசதியாப் போச்சு. காரணம் எளிமையான இயற்பியல். பைப்போட கனம் முழுக்க புகையிலை வைக்கிற கிண்ணத்துல இருக்கு. தண்டு நீளமா இருந்தா அந்தக் கனம் பல்லுல இருந்து தள்ளி நின்னு கீழ இழுக்கும், தாடை வலிக்கும். தண்டு குட்டையா இருந்தா வாய்க்குப் பக்கத்துலயே உக்காந்துக்கும், கையால பிடிக்கவே வேண்டாம். ரெண்டு கையாலயும் ஏலச்செடியை விலக்கிப் பார்க்கலாம், குடை பிடிக்கலாம், கால்ல ஏறுன அட்டையைப் பிடுங்கலாம். உலகம் முழுக்க உழைக்கிறவங்க குட்டை பைப் வெச்சிருந்ததுக்கும் இதுதான் காரணம். கப்பல்காரங்க, மீன் பிடிக்கிறவங்க, கூலி வேலைக்காரங்க எல்லாரும் களிமண் பைப்போட தண்டைக் குட்டையா வெச்சுப் பிடிச்சாங்க.

பேரைக் கவனிங்க. இங்கிலீஷ்ல இதுக்கு 'நோஸ் வார்மர்'னு செல்லப்பேரு, அதாவது மூக்கைச் சூடாக்குறது. பிரெஞ்சுக்காரங்க வெச்ச பேரு 'ப்ரூல் க்யூல்', வாயைச் சுடுறது. ஒரே பொருளுக்கு ரெண்டு பேரு. ஒண்ணுல சுகம் இருக்கு, இன்னொண்ணுல சூடு இருக்கு.

முதல்ல சுகம்

2020 லாக்டவுன்ல லேப்டாப்போட ஊருக்கு வந்தேன். அப்பத்தாவோட டிரங்குப் பெட்டியில இந்தப் பைப் கிடைச்சது. நல்ல பைப்பை பிரையர்ங்கிற மரத்துல செய்வாங்க. மத்தியதரைக்கடல் ஓரமா வளர்ற ஒரு புதரோட வேர்முண்டு அது. லேசுல தீப்பிடிக்காது, ஈரத்தை உறிஞ்சும். 19-ஆம் நூற்றாண்டு நடுவுல இருந்து பைப்னாலே பெரும்பாலும் அதுதான். உள்ளுக்குள்ள கருப்பா ஒரு கரி படிஞ்சிருந்துச்சு. அதை முழுசா சுரண்டக் கூடாது. ஒரு ரூபாய் காசு தடிமனுக்கு விட்டா, மரம் கருகாம காப்பாத்தும்.

சிகரெட் மாதிரி பத்த வெச்சு இழுத்துட்டுப் போற விஷயம் இல்ல இது. புகையிலையை உதிர்க்கணும். அடியில லேசா, மேல கொஞ்சம் இறுக்கமா அடைக்கணும். முதல் தடவை பத்த வெச்சா மேல்பகுதி உப்பி எழும். அதை மெல்ல அமுக்கிட்டு ரெண்டாவது தடவை பத்த வைக்கணும். அப்புறம் உறிஞ்சக் கூடாது, டீயை ஊதிக் குடிக்கிற நிதானத்துல சிப் பண்ணணும். ஒரு கிண்ணம் அரைமணி நேரம் வரும். சாயங்காலம் ஸ்டாண்ட்-அப் கால் முடிஞ்சதும் மொட்டை மாடி, எதிர்ல மலை, இறங்கி வர்ற ஜீப் வெளிச்சம், கையில இளஞ்சூடா அந்த மரக்கிண்ணம். அந்த அரைமணி நேரம் நான் போனையே தொடல. அந்தச் சுகம் பொய் இல்ல, ஒத்துக்கிறேன்.

இப்போ சூடு

இஞ்சினியரா யோசிப்போம். பைப் தண்டுங்கிறது ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர். புகையிலை எரியும்போது புகையோட நீராவியும் வரும். நீளமான தண்டுல போகப் போக புகை குளிரும், நீராவி உள்சுவத்துல தண்ணியாப் படியும். நீராவி தண்ணியாகும்போது தன்கிட்ட இருக்கிற வெப்பத்தை விட்டுரும். அந்த வெப்பத்தை தண்டு வாங்கிக்கிட்டா பிரச்சினை இல்ல. தண்டு குட்டையா இருந்தா, அந்த நீராவி குளிர்ற இடம் உங்க நாக்கு.

அதனாலதான் குட்டை பைப் பிடிக்கிறவங்களுக்கு நாக்கு நுனி சுட்ட மாதிரி எரியும். 'டங் பைட்'னு சொல்வாங்க. நம்மூர்ல சிலும்பி பிடிக்கிறவங்க அடியில ஈரத்துணி சுத்துறதைப் பார்த்திருப்பீங்க. தண்டே இல்லாத குழாய்க்கு அவங்க கண்டுபிடிச்ச கூலிங் சிஸ்டம் அது. ஹூக்காவுல இருக்கிற தண்ணியும் புகையைக் குளிர வைக்குது. ஆனா குளிர்ந்த புகை நல்ல புகைன்னு நினைச்சுக்காதீங்க. சூடுதான் குறையும், உள்ள இருக்கிற விஷம் போயிடாது.

"நான் உள்ள இழுக்க மாட்டேன்"

பைப் பிடிக்கிற எல்லாரும் சொல்ற டயலாக் இது. நானும் சொன்னேன்.

சிகரெட் புகையிலையில பெரும்பாலும் சூடான கொட்டகையில உலர்த்தின இலை இருக்கும். எங்க மலையில ஏலக்காய் ஸ்டோர்ல சூட்டைக் குழாய் வழியா மட்டும் விட்டு, விறகுப் புகை காய்ல படாம காய வைப்பாங்க. கிட்டத்தட்ட அதே டெக்னிக். அப்படி உலர்ந்த இலையில சர்க்கரை தங்கும், புகை கொஞ்சம் அமிலத்தன்மையா இருக்கும். அமிலப் புகையில இருக்கிற நிகோடின் வாய்த்தோல் வழியா லேசுல ஏறாது. அதனாலதான் சிகரெட்டை நுரையீரலுக்கு இழுக்கிறாங்க.

சுருட்டுலயும் பல பைப் கலவைகள்லயும் இருக்கிற கருத்த இலையோட புகை காரத்தன்மையானது. அதுல இருக்கிற நிகோடின் கன்னத்தோல் வழியாவே ரத்தத்துல ஏறிடும். தாத்தா பைப்புல போட்டது திண்டுக்கல் பக்கத்துச் சுருட்டை உதிர்த்த தூள். (இங்கிலீஷ்ல 'செரூட்'ங்கிற வார்த்தையே நம்ம சுருட்டுல இருந்து போனதுதான்.) அப்போ உள்ள இழுக்கலன்னாலும் அடிமையாகலாம். வாயே போதும். அது மட்டுமில்ல, சிகரெட்ல இருந்து பைப்புக்கு மாறுறவங்க பழக்கதோஷத்துல பைப் புகையையும் உள்ள இழுக்கிறாங்க. கேள்வி கேட்ட நேயர் இதைக் குறிச்சு வெச்சுக்கங்க.

எந்தப் பக்கம்?

தாத்தாவுக்கு கீழ் உதட்டுல, இடது பக்கம், ஒரு புண் வந்துச்சு. வெத்தலைச் சுண்ணாம்பு பட்டிருக்கும்னு ஆறு மாசம் தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டு இருந்தோம். மதுரைக்குக் கூட்டிட்டுப் போனப்ப டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, பைப்பை எந்தப் பக்கம் வெச்சுப் பிடிப்பீங்க?" தாத்தா பதில் சொல்லல, கையைத் தூக்கி அந்தப் புண்ணையே தொட்டுக் காட்டினார். அதுக்குள்ள கழுத்துல கட்டி வந்திருந்துச்சு. 2009-ல போய்ச் சேர்ந்துட்டார்.

அந்த டாக்டர் புதுசா எதையும் கண்டுபிடிச்சுக் கேக்கல. 1795-லயே ஜெர்மன் மருத்துவர் சோமரிங், உதட்டுப் புற்று பைப் பிடிக்கிறவங்களுக்கு அதிகமா வருதுன்னு எழுதி வெச்சார். 1964-ல வந்த அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கையும் பைப்புக்கும் உதட்டுப் புற்றுக்கும் காரண-காரியத் தொடர்பு இருக்குன்னு சொல்லுச்சு. ஆனா அதே அறிக்கை, மொத்த இறப்பு விகிதத்துல பைப் பிடிக்கிறவங்க பிடிக்காதவங்களைவிடப் பெருசா வித்தியாசப்படலைன்னும் சொன்னது. 'பைப் சேஃப்'ங்கிற பேச்சுக்கு அது தீனி போட்டுச்சு. 2004-ல, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தோட ஆய்வு வந்துச்சு. பைப் மட்டுமே பிடிச்சவங்களுக்கும் நுரையீரல், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றும், இதய நோயும் கூடுதல்னு அது காட்டுச்சு. சிகரெட்டைவிடக் கம்மிதான். ஆனா சிகரெட்டைவிடக் கம்மிங்கிறது ஒரு சர்டிஃபிகேட்டா?

இதெல்லாம் தெரிஞ்சும்தான் நான் பிடிச்சேன். பத்தாவது மாசம் பல் கிளீனிங்குக்குப் போனேன். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிட்டு, "சிகரெட்டா?"ன்னார். "இல்ல டாக்டர், பைப். உள்ள இழுக்க மாட்டேன்"னேன். பதில் பேசாம கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். மேல் அண்ணம் வெளுத்துக் கிடந்துச்சு, அதுல குட்டிக் குட்டியா சிவப்புப் புள்ளிகள். சூடு பட்டுப் பட்டு வர்றது அது, பைப் பிடிக்கிறவங்ககிட்ட அதிகம் பார்க்கலாம். நிறுத்தினா பெரும்பாலும் மறைஞ்சிடும்னு சொன்னார். ஆந்திரக் கடலோரத்துல சில பெண்கள் சுட்டாங்கிற சுருட்டை நெருப்பு முனை வாய்க்குள்ள இருக்கிற மாதிரி பிடிப்பாங்க. அண்ணத்துல புற்று வர்றது அங்க அதிகம். நெருப்பையும் புகையிலையையும் தோலுக்கு எவ்வளவு பக்கத்துல கொண்டு போறோம்ங்கிறது சின்ன விஷயம் இல்ல.

அன்னைக்கு நிறுத்தினேன். முதல் மூணு வாரம் கஷ்டம்தான், முக்கியமா ஆன்-கால் இருந்த ராத்திரிகள்ல. தாத்தா அப்பத்தாவுக்குத் தெரியாம வாய் நாத்தத்தை மறைக்க ஏலக்காய் மெல்லுவார். நான் பைப்புக்குப் பதிலா ஏலக்காய் மென்னேன். எங்க ஊர்ல அதுக்குப் பஞ்சம் இல்ல.

இன்னொரு நெருப்பு

டிரெக்கிங் போறவங்களுக்கு ஒண்ணு. பைப்பைத் தட்டிக் கொட்டும்போது சாம்பலுக்குள்ள கங்கு உயிரோட இருக்கும். 2018 மார்ச்சுல போடி பக்கம் குரங்கணி மலையில காட்டுத்தீயில சிக்கி 20-க்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. கோடையில அந்தப் புல்லு எப்படிக் காஞ்சு கிடக்கும்னு கீழ இருந்து பார்த்து வளர்ந்தவன் நான். பீடியோ பைப்போ, எந்த நெருப்பும் மலைக்கு வேண்டாம்.

அப்போ நேயருக்குப் பதில்: வாங்காதீங்க. உங்களுக்கு வேண்டியது அந்த அரைமணி நேர நிதானம்னா, அதுக்குப் புகையிலை தேவையில்ல. நிகோடினை விடணும்னா 1800-112-356 அரசு நடத்துற இலவச எண், கூப்பிடுங்க. வெக்கப்பட ஒண்ணுமில்ல.

தாத்தாவோட பைப் என் மேஜை மேலதான் இருக்கும், எறிய மனசு வரல. தண்டோட இடது ஓரத்துல அவர் பல் பதிஞ்ச பள்ளம் ஒண்ணு இருக்கு. நான் பிடிச்ச பத்து மாசமும் என் பல்லு சரியா அதுலதான் போய் உக்காந்துச்சு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.