முதலில் அரசன், பிறகு திருடன்

1932 டிசம்பர் மாத ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் கோனன் என்னும் பாத்திரம் முதன்முதலாக வாசகர்முன் தோன்றியபோது, அவன் அக்கிலோனியா என்ற கற்பனை நாட்டின் நடுவயது அரசனாக, மேசைமுன் அமர்ந்து, அரண்மனை நிலப்படத்தில் விடுபட்டுப்போன வடநாடுகளைத் தன் கையாலேயே வரைந்து சேர்த்துக்கொண்டிருந்தான். அடுத்த மாதக் கதையிலும் அவன் அரசனே. 1933 மார்ச் இதழிலோ, மலைநாட்டிலிருந்து அப்போதுதான் இறங்கிவந்த, நகரத்துப் பேச்சும் பழக்கமும் பிடிபடாத, களவுத் தொழிலில் இன்னும் கத்துக்குட்டியான இளைஞனாகவும், ஜூன் இதழில் கூலிப்படை வீரனாக இருந்து ஒரு நாட்டின் சேனைக்கே தலைமை ஏற்பவனாகவும் அவன் வந்தான். 25 சென்ட் கொடுத்து மாதந்தோறும் இதழை வாங்கியவருக்கு, எந்தக் கதை முந்தியது, எது பிந்தியது என்று யாரும் சொல்லவில்லை. சாகசக்காரன் ஒருவன் தன் வாழ்க்கையை நினைத்து நினைத்துச் சொல்லும்போது ஆண்டுவாரியாகவா சொல்வான் என்பதே இதற்கு ஆசிரியர் ராபர்ட் ஈ. ஹோவர்ட் 1936இல் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில் தந்த விளக்கத்தின் சாரம். 90 ஆண்டுகள் கழித்து இக்கதைகளைக் கையிலெடுப்பவருக்கு இந்த முன்பின் குழப்பத்தைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை.

இவ்வகைக் கதைகளுக்கு ‘வாளும் மாயமும்’ என்று பொருள்படும் ‘சோர்ட் அண்ட் சோர்சரி’ என்ற பெயர் வெகுகாலம் கழித்தே அமைந்தது. 1961இல் ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் பொருத்தமான பெயர் ஒன்று வேண்டும் என்று கேட்க, அமெரிக்கரான ஃபிரிட்ஸ் லைபர் அதை முன்மொழிந்தார். ஆனால் கதைவகையின் தொடக்கத்தை 1929 ஆகஸ்டில் ஹோவர்ட் வெளியிட்ட ‘தி ஷேடோ கிங்டம்’ கதையில் காண்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் வழக்கம். அதில் குல் என்னும் அரசனின் அவையிலேயே, பாம்புத் தலையுடையவர்கள் மனித முகத்தை அணிந்துகொண்டு அமைச்சர்களாக உலவுகின்றனர். டால்கீனின் நெடுங்கதை மரபில் நாயகனின் தோளில் ஓர் உலகத்தையே காக்கும் சுமை இருக்கும்; இவ்வகையிலோ நாயகன் கூலிக்கோ, களவுக்கோ, பழிதீர்க்கவோ, சில சமயம் வெறும் ஆர்வத்தினாலோ வாளை எடுக்கிறான், அவன் அறிவுக்கு எட்டாத ஏதோ ஒன்று இருளில் குறுக்கிடுகிறது, இரண்டில் ஒன்று அந்த இரவுக்குள் தீர்ந்துவிடுகிறது. ஒரே அமர்வில் படித்து முடித்துவிடக்கூடிய இந்த அளவுதான், பல்லாயிரம் பக்கத் தொடர்களால் சோர்ந்துபோன இக்கால வாசகரைப் பழைய கதைகளின் பக்கம் திரும்பவைக்கும் முதல் காரணமாக இருக்க வேண்டும்.

இந்த அளவை வகுத்தது கலைக்கொள்கை அன்று, கூலி. மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் அச்சிடப்பட்டதால் ‘பல்ப்’ எனப்பட்ட அக்கால இதழ்கள் சொல்லுக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கில் எழுத்தாளருக்குப் பணம் கொடுத்தன. 1923இல் சிகாகோவில் தொடங்கப்பட்டு, 1924 முதல் 1940 வரை ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் ஆசிரியராக இருந்த ‘வியர்ட் டேல்ஸ்’ கதையை ஏற்றபோது அன்றி, வெளியிட்ட பிறகே பணம் தருவதை வழக்கமாகக் கொண்டிருந்தது. பொருளாதார மந்தம் முற்றிய ஆண்டுகளில் அதுவும் தள்ளிப்போயிற்று. 1935இல், காசநோயால் படுத்திருந்த தாயின் மருத்துவச் செலவுக்குத் திண்டாடிய ஹோவர்ட், தமக்கு 800 டாலருக்கு மேல் பாக்கி நிற்பதைச் சுட்டிக்காட்டி ரைட்டுக்கு எழுத வேண்டியதாயிற்று. ரைட் கதைகளைத் திருப்பியனுப்புவதிலும் தயங்காதவர். மறுக்கப்பட்ட கதையை எழுத்தாளர்கள் வீணாக்கவும் இல்லை. கோனனின் முதற்கதையே, வேறு இதழ்கள் மறுத்த ஒரு குல் கதையை மாயம் சேர்த்துப் பிரித்துக் கட்டியதுதான். அட்டைப்படம் வரைந்த மார்கரெட் பிரண்டேஜ் வண்ணச் சுண்ணக்கோலால் தீட்டிய அரைகுறை ஆடைப் பெண்கள் இதழை விற்றுக்கொடுத்தார்கள் என்பதால், அட்டைக்கேற்ற ஒரு காட்சியைக் கதைக்குள் வைத்துவிடும் பழக்கம் எழுத்தாளர்களிடையே பரவியது. சில கதைகளில் காரணமே இல்லாமல் ஒரு பெண் சங்கிலியில் தொங்குவதைக் காணும் வாசகர், அந்தப் பத்தி கதைக்காக எழுதப்பட்டதா, கடைக்கார மேசைக்காக எழுதப்பட்டதா என்று கேட்டுக்கொண்டால் எரிச்சல் பாதியாகக் குறையும்.

ஹோவர்டின் கைத்திறம் எத்தகையது என்பதற்கு 1933 மார்ச் இதழின் ‘யானைக் கோபுரம்’ ஒன்றே போதும். திருடர்கள் நிறைந்த நகரம் ஒன்றில், யாரா என்னும் மந்திரவாதியின் மணிபதித்த கோபுரத்திலிருந்து ‘யானையின் இதயம்’ என்ற பெரும் இரத்தினத்தைக் களவாட இளைஞன் கோனன் கிளம்புகிறான். தோட்டத்தில் ஓசையின்றித் திரியும் சிங்கங்கள், கோபுர உச்சியில் பன்றியளவு சிலந்தி என்று கதை எதிர்பார்த்த தடத்திலேயே ஓடுகிறது. பிறகு ஓர் அறைக்கதவைத் திறந்தவன், பச்சைத் தோலும் யானைத் தலையும் கொண்ட உருவம் ஒன்று பீடத்தில் அமர்ந்திருப்பதைக் கண்டு, சிலை என்று நினைத்துக்கொள்கிறான். அவன் யானையைப் பார்த்ததே இல்லை. முன்னும் பின்னும் வாலுடைய விலங்கு என்று ஊர்சுற்றி ஒருவன் சொல்லக் கேட்டிருக்கிறான், அந்த ஊர்சுற்றியின் நாட்டார் பொய்யர்கள் என்பதும் கோனனுக்குத் தெரியும். சிலை கண் திறக்கிறது. ஆனால் அந்தக் கண்களில் பார்வை இல்லை. தும்பிக்கை நீண்டு வந்து அவன் முகத்தையும் தோளையும் தடவிப் பார்க்கிறது. வேற்றுக் கோளிலிருந்து வந்து, மந்திரவாதியிடம் சிக்கி, கண்ணும் காலும் சிதைக்கப்பட்டு, நூற்றாண்டுக் கணக்கில் வதைபட்ட உயிர் அது என்று புரிந்த கணத்தில், எந்தத் தவறும் செய்யாத கோனனுக்கு மனித குலத்தின் குற்றம் முழுவதும் தன்மேல் ஏறிவிட்டதுபோல வெட்கம் வருகிறது. களவாட வந்தவன் வெறுங்கையோடு வெளியேறுவான், கோபுரம் அவன் பின்னால் நொறுங்கும்.

தசைவலு மிக்க நாயகன், அறிவைவிட வாளை நம்புபவன் என்று 1982ஆம் ஆண்டுக் கோனன் திரைப்படம் பரப்பிய பிம்பத்தோடு இக்கதைக்கு வருபவர் எதிர்பாராதது இந்த இரக்கம். கதையின் முற்பகுதி முழுவதும் வேகமான வினைச்சொற்களால் ஓட, பீடத்து உயிர் பேசத் தொடங்கியதும் நடை தணிந்து, வாக்கியங்கள் நீண்டு, ஒரு கோளின் வரலாறும் ஓர் இனத்தின் அழிவும் இரண்டே பக்கத்தில் சொல்லப்படுகின்றன. சொல்லுக்குக் கூலி வாங்கிய எழுத்தாளர், சொற்களை நீட்ட வாய்ப்பிருந்த இடத்தில் சுருக்கியிருக்கிறார்.

இக்கதைகள் நிகழும் ‘ஹைபோரியக் காலம்’ என்பது, அட்லாண்டிஸ் மூழ்கியதற்கும் எழுதப்பட்ட வரலாறு தொடங்கியதற்கும் இடையே ஹோவர்ட் கற்பித்துக்கொண்ட இடைவெளி. வரலாற்றுப் புனைகதையில் பெருவிருப்பம் உடைய அவருக்கு, அதற்கான தரவு தேடலுக்கு நேரமும் இல்லை, நூலகமும் அருகில் இல்லை. டெக்சாஸின் கிராஸ் பிளெய்ன்ஸ் என்னும் சிற்றூரில், எண்ணெய்க் கிணறு பொங்கி ஊரே தலைகீழாகிப் பின் வற்றிப்போனதைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர் அவர். தரவுக்குக் காத்திராமல் எகிப்து, பாரசீகம், வைக்கிங் நாடு எல்லாவற்றையும் பெயர் மாற்றி ஒரே நிலப்படத்தில் அடுக்கிக்கொண்டார். அந்தப் படத்தில் இந்தியாவும் உண்டு. 1934 செப்டம்பர் முதல் நவம்பர் வரை தொடராக வந்த ‘தி பீப்பிள் ஆஃப் தி பிளாக் சர்க்கிள்’ கதையில் அது ‘வெந்தியா’; தலைநகர் அயோத்தியா; வடக்கே ‘ஹிமேலிய’ மலைகள்; அரசனுக்குச் சேவகம் செய்வோர் க்ஷத்திரியர். டால்பட் மண்டி போன்றோரின் எல்லைப்புறச் சாகசக் கதைகளைப் படித்துத் திரட்டிய அறிவு இது என்பது வரிக்கு வரி தெரிகிறது.

ஆயினும் இந்திய வாசகர் நகைத்துவிட்டு நகர்ந்துவிட முடியாத ஓர் இடம் அக்கதையின் தொடக்கத்திலேயே வருகிறது. கோயில் மணிகளும் சங்குகளும் முழங்க, வெந்தியாவின் இளம் அரசன் காரணம் தெரியாத நோயில் சாகிறான். அவன் உதிர்த்த முடிக்கற்றை ஒன்றை எதிரிகள் கைப்பற்றி, உரிய நட்சத்திர வேளை பார்த்து, தொலைதூர மலையிலிருந்தே அவன் உயிரை இழுக்கின்றனர் என்பது பிறகு விளங்கும். உடலைவிட்டு நீங்கிய உறுப்பும் கண்ணுக்குத் தெரியாத இழையால் உடலோடு பிணைந்தே இருக்கிறது என்று ஹோவர்டின் மந்திரவாதி அமெரிக்க வாசகருக்குப் பொறுமையாக விளக்குகிறான். செய்வினை என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு அந்த விளக்கம் தேவைப்படாது. அரசனின் தங்கை யாஸ்மினா, அண்ணனின் ஆன்மா எதிரி கையில் சிக்காதிருக்க அவனைத் தானே குத்திக் கொல்கிறாள். கதையின் இறுதியில் அவள் கோனனுக்கு மனைவியாகவும் ஆவதில்லை, பரிசாகவும் ஆவதில்லை. அவள் தன் நாட்டை ஆளப் போகிறாள், அவன் தன் மலைக்குத் திரும்புகிறான்.

எல்லாக் கதைகளையும் இப்படிச் சொல்லிவிட முடியாது என்பதை மறைப்பது நேர்மை ஆகாது. கறுப்பினத்தவரைப் பற்றி ஹோவர்ட் எழுதிய பல பத்திகள் அவர் காலத்து அமெரிக்கத் தென் மாநிலங்களின் இனவெறியை அப்படியே சுமந்து நிற்கின்றன. அவர் வாழ்ந்தவரை விலைபோகாமல் 1967இல் அச்சேறிய ‘தி வேல் ஆஃப் லாஸ்ட் விமன்’ அவற்றுள் மிக மோசமானது. ‘அந்தக் காலம் அப்படி’ என்று கடந்துவிடுவதும், ஆசிரியரையே தூக்கியெறிவதும் இரண்டும் எளிய வழிகள். கடினமான வழியைத் தேர்ந்தவர் சார்லஸ் சாண்டர்ஸ் என்னும் கறுப்பின எழுத்தாளர். இவ்வகைக் கதைகளை விரும்பிப் படித்து, அவற்றில் தம்மவர் சித்திரிக்கப்பட்ட விதத்தைக் கண்டு கொதித்த அவர், ஆப்பிரிக்கப் புராணங்களும் வரலாறும் கலந்த ஒரு கண்டத்தைப் படைத்து, அதில் இமாரோ என்னும் வீரனை உலவவிட்டார். முதல் நாவல் 1981இல் வெளிவந்தது. ஹோவர்டைப் படித்த கையோடு சாண்டர்ஸைப் படிப்பவருக்கு, முன்னவரின் வேகம் எங்கிருந்து வந்தது என்பதும், அந்த வேகத்துக்கு வெறுப்பு தேவையே இல்லை என்பதும் சேர்ந்தே தெளிவாகும்.

பெண் பாத்திரங்களைப் பொறுத்தவரை மறுமொழி ‘வியர்ட் டேல்ஸ்’ இதழிலேயே, வெந்தியா கதை தொடராக வந்த ஆண்டிலேயே வந்துவிட்டது. இண்டியானாபொலிஸ் வங்கி ஒன்றில் செயலராக வேலைபார்த்துக்கொண்டிருந்த கேதரின் லூசில் மூர், தம் எழுத்து வருமானம் மேலதிகாரிகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று சி. எல். மூர் எனப் பெயரைச் சுருக்கிக்கொண்டு, 1934 அக்டோபரில் ‘பிளாக் காட்ஸ் கிஸ்’ கதையை வெளியிட்டார். கோட்டையை இழந்த ஜிரெல் என்னும் படைத்தலைவி, தன்னை வென்றவனைக் கொல்லும் ஆயுதம் தேடி, நிலவறைக்கும் கீழே, மனிதக் கால்களுக்காகக் குடையப்படாத ஒரு சுருள் வழியில் வழுக்கி இறங்குகிறாள். கீழே வந்தபின் வெறும் இருள்தான். கழுத்திலிருந்த சிலுவையைக் கழற்றியதும், அந்நிய விண்மீன்கள் மினுங்கும் வானமும் விரிந்த நிலமும் கண்ணுக்குத் தெரிகின்றன. அந்நிலத்தில் பார்வையற்ற வெண்குதிரைக் கூட்டம் ஒன்று அவளைக் கடந்து ஓடும்போது, ஒரு குதிரை மனிதக் குரலில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கதறுகிறது. ஏன் என்று மூர் சொல்வதில்லை. எதையும் பட்டியலிட்டு, வரைபடமிட்டு, பின்னிணைப்பில் விளக்கிவிடும் இன்றைய மாயப் புனைவில் காணக் கிடைக்காதது இந்த மௌனம். கதையின் முடிவில் ஜிரெலின் வெறுப்பு காதலாக இருந்தது என்று சொல்லப்படுவது இக்கால வாசகருக்குக் கசக்கும். கசப்பதில் நியாயம் உண்டு.

எந்த நூலை வாங்குவது என்ற கேள்வி இங்கே அற்பமானதன்று. ஹோவர்ட் 1936 ஜூன் 11ஆம் நாள், தம் 30ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டபின், 1950களில் எல். ஸ்ப்ரேக் டி கேம்ப் அவருடைய கோனன் கதைகளைத் திருத்தினார். கோனன் இடம்பெறாத ஹோவர்ட் கதைகளிலும் பெயரை மாற்றிக் கோனனை நுழைத்தார். 1966 முதல் லான்சர் பதிப்பகம் ஃபிராங்க் ஃபிரசெட்டாவின் புகழ்பெற்ற அட்டை ஓவியங்களோடு வெளியிட்ட மலிவுப் பதிப்புகளில், டி கேம்ப்பும் லின் கார்ட்டரும் இடைவெளிகளைத் தம் சொந்தக் கதைகளால் நிரப்பி, கோனனின் வாழ்க்கையைப் பிறப்பு முதல் வரிசைப்படுத்தினர். ஒரு தலைமுறைக்கு ஹோவர்டை அறிமுகப்படுத்திய பெருமை அப்பதிப்புகளுக்கு உண்டு என்றாலும், சிதறிய நினைவுகளாக இருந்தவற்றை அவை பணிமூப்புப் பட்டியலாக்கிவிட்டன. தரமான கதைக்குப் பக்கத்திலேயே நகல் நிற்கிறது. 2003 முதல் 2005 வரை டெல் ரே பதிப்பகம் வெளியிட்ட மூன்று தொகுதிகள், திருத்தங்களை நீக்கிய மூலத்தை, எழுதப்பட்ட வரிசையிலேயே தருகின்றன. அவற்றைத் தொடர்ந்து ஒரே மூச்சில் படிப்பதும் தவறு. மாதக்கணக்கில் இடைவெளிவிட்டு வந்தவற்றை ஒரே வாரத்தில் படித்தால், ‘புலிபோன்ற’ பாய்ச்சலும் ‘எரியும் நீலக் கண்களும்’ பத்தாவது முறையாக வரும்போது சலிப்புத்தான் மிஞ்சும்.

வரிசைப்படுத்தும் ஆசைக்கு எழுத்தாளர்களே இரையானதும் உண்டு. ஃபிரிட்ஸ் லைபர், ஃபாஃபர்ட் என்னும் நெட்டையனையும் கிரே மவுசர் என்னும் குட்டையனையும் 1939 ஆகஸ்டு ‘அன்னோன்’ இதழில் அறிமுகப்படுத்தியபோது, இருவரும் நெடுநாள் கூட்டாளிகளாகவே, ஒரு புதையலைத் தேடிக் குதிரையில் வந்துகொண்டிருந்தார்கள். எங்கே சந்தித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. 31 ஆண்டுகள் கழித்து, அறுபதை நெருங்கிய லைபர், அந்தச் சந்திப்பை ‘இல் மெட் இன் லாங்க்மார்’ என்ற குறுநாவலாக எழுதினார். ஹியூகோ, நெபுலா ஆகிய இரு பெரும் விருதுகளையும் வென்ற அது, நண்பர்கள் இருவரும் தம் காதலிகளைப் பறிகொடுக்கும் இரவின் கதை. தொடரிலேயே கனமானதும் அதுவே. காலவரிசைத் தொகுப்பில் அது முதல் நூலில் வருகிறது என்பதற்காக அதிலிருந்து தொடங்குபவர், முதிர்ந்த லைபரின் துயரத்தைச் சுமந்துகொண்டு, இளைய லைபரின் குறும்பான 1939 கதைக்குள் நுழைய நேரிடும். இதழ் வாசகர்கள் அந்த இருவரோடும் 31 ஆண்டுகள் சிரித்த பிறகே அந்த இரவுக்கு வந்து சேர்ந்தார்கள்.