கூலியில் கலந்த சாராயம்: பறையும் போதையும்



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்த அண்ணன் பறையடித்தவர். பின்னால் எழுத வந்தவர். கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பார். "நாம குடிச்சதால நல்லா அடிச்சோமா, அடிக்க வேண்டி இருந்ததால குடிச்சோமா?" கேட்டுவிட்டுச் சிரிப்பார். நாங்கள் யாரும் அப்போது ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அவர் ஈரல் கெட்டுத்தான் இறந்தார். அதை இங்கே மறைக்கப் போவதில்லை. மறைத்தால் அவருக்கே பிடிக்காது. இந்த ஆண்டு உரையை அந்தக் கேள்விக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை எந்தச் சாவு வீட்டு வாசலில் நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழும்: உள்ளே ஊத்தினால்தான் மேளம் பேசும். ஊர்க்காரரும் சொல்வார், நம்மவரும் சொல்வார். ஊர்க்காரர் பேச்சில் இளக்காரம் இருக்கிறது. நம்மவர் பேச்சில் அனுபவம் இருக்கிறது. இளக்காரத்துக்குப் பதில் சொல்வது எளிது. அனுபவத்துக்குப் பதில் சொல்வதுதான் கடினம், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

பறை என்பது மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி இணைத்த சட்டம். அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் இழுத்து ஒட்டிய கன்றுத்தோல். இடது கையில் மெல்லிய நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் தடித்த குட்டையான அடிக்குச்சி. இரண்டு குச்சியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒன்று நடையைப் பிடித்து வைக்கும், மற்றது அதன் இடைவெளியில் பேசும். நாலு பேர் சேர்ந்து அடிக்கும்போது ஒவ்வொருவரும் தன் கையையும் மற்ற மூவரின் கையையும் ஒரே நேரத்தில் கேட்டாக வேண்டும். இந்தக் கால அளவை, ஒரு நொடியின் நூறில் சில பங்கைக் கூடத் தவறவிடாமல் கைக்குச் சொல்லிக்கொடுப்பதில் பெரும்பங்கு தலையின் பின்பக்கம் இருக்கிற சிறுமூளைக்கு உண்டு. சாராயம் முதலில் தொடுகிற இடங்களில் அதுவும் ஒன்று. குடித்தவர் நடை தள்ளாடுவதும் குடித்தவர் அடி தள்ளாடுவதும் ஒரே காரணத்தால்தான். தாளத்துக்கும் நாம் 'நடை' என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

பிறகு ஏன் நன்றாக அடித்ததாகத் தோன்றுகிறது? சிறுமூளையை மந்தமாக்குகிற அதே சாராயம், தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கிற திறமையையும் மந்தமாக்குகிறது. கூச்சம் போகிறது, பயம் போகிறது, தோளில் இருந்த இறுக்கம் போகிறது. அடி நழுவியதைக் கண்டுகொள்கிற ஆளும் உள்ளே தூங்கிவிடுகிறார். சுற்றி ஆடுகிறவர்களும் குடித்திருந்தால் அவர்களுக்கும் தெரியாது. குடிக்காமல் ஓரத்தில் நிற்கிற கிழவி ஒருத்திக்குத்தான் தெரியும். அவளை யார் கேட்கிறார்கள்?

ஆனால் அனுபவத்தில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. "ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. பல ஆண்டு குடித்துப் பழகிய உடம்பில் சரக்கு இறங்கியதும் கை நடுங்கும். மறுபடி ஊற்றினால் நடுக்கம் அடங்கும். சரக்கு தந்த நோய்க்குச் சரக்கே மருந்தாக நடிக்கிறது. (இப்படிப்பட்டவர் ஒரே நாளில் வீம்பாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரும் போகலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். இதை மேடையில் சொல்லாமல் 'குடியை விடுங்கள்' என்று மட்டும் முழங்குவது பொறுப்பற்ற செயல்.) இன்னொன்று, ஒரு நிலையில் கற்றது அதே நிலையில் எளிதாக நினைவுக்கு வரும் என்பது உளவியலார் சோதித்துப் பார்த்த செய்தி. பதினாலு வயதில் அப்பனோடு சாவுக்குப் போய், அங்கே கொடுத்த அரைக் கிளாஸைக் குடித்துவிட்டு அடி பழகிய பையனுக்கு, குடிக்காத கையில் அடி மறந்துபோனதுபோல் இருப்பது இயல்பு. அது தோலின் குணமோ சாதியின் குணமோ இல்லை, பழக்கிய விதம்.

காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எங்களுக்கும் இதைத் தேடப் போனபோதுதான் தெரிந்தது. பெருஞ்சத்தம் வரும்போது நடுக்காதில் இருக்கிற சின்னஞ்சிறு தசை இறுகி உள்காதைக் கொஞ்சம் காக்கும். சாராயம் அந்தத் தசையைச் சோம்பலாக்குகிறது. இன்னும் பெரிய சத்தம் வந்தால்தான் அது எழுந்திருக்கிறது. கூடவே, குடித்திருக்கும் நேரத்தில் காது சற்று மந்தமாகவும் ஆகிறது. அதனால் இன்னும் ஓங்கி அடிக்கத் தோன்றும். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்பது தொழில் மருத்துவர்கள் வைத்திருக்கிற எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வந்தால் மிஞ்சுவது 15 நிமிடம். நாலைந்து பறை சேர்ந்தால் 100ஐத் தாண்டுவது எளிது. நம்மவர்கள் அங்கே நிற்பது காலையிலிருந்து பிணம் எடுக்கும் மாலை வரை. அறுபது வயதில் "பெரிசுக்குக் காது கேக்காது" என்று சிரிக்கிறோமே, அது மூப்பினால் மட்டும் வந்ததில்லை.

கஞ்சா வேறு வகை. அது நேரத்தை இழுக்கும். பத்து நொடி போனது பதினைந்து போலத் தெரியும். கேட்பவருக்கு ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே பெரிய இடம் திறந்ததுபோல் இருக்கும், அதனால்தான் இசை 'ஆழமாக' கேட்டதாகச் சொல்கிறார்கள். அடிப்பவருக்கு அதே இடம் குழி.

சரி, அடிக்க உதவாத ஒன்று ஏன் அடிக்கிறவர் கையில் வந்து சேர்ந்தது? இங்கேதான் அண்ணன் கேள்வியின் இரண்டாம் பாதி.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைபற்றி 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். பஞ்சமி நிலம் என்று இன்று நாம் போராடுகிற நிலத்துக்கு அதுதான் தொடக்கம். படியாளாகப் பிறந்து படியாளாகச் சாகும் வாழ்க்கை அந்தக் காலத்து இயல்பு. கூலி பெரும்பாலும் தானியம். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அரசியலுக்கு வந்தது இந்த மண்ணிலிருந்துதான். கூலியைக் காசாகக் கொடுத்தால் வாங்கியவன் கணக்குக் கேட்பான், பேரம் பேசுவான், சேர்த்து வைப்பான், ஒரு நாள் வேறு ஊருக்குப் போவான். பொருளாகக் கொடுத்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும். சாராயமாகக் கொடுத்தால் அன்றைக்கே தீருவதோடு நாளைக்கும் அவனை வாசலுக்கு வரவழைக்கும்.

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் திராட்சைத் தோட்ட முதலாளிகள் இதை வெளிப்படையான முறையாகவே வைத்திருந்தார்கள். 'டாப்' முறை என்று பெயர். கூலியின் ஒரு பங்கு மலிவான ஒயின். சட்டம் தடுத்த பிறகும் பல ஆண்டு அது ஓயவில்லை. தாயின் குடியால் வயிற்றிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் இடங்களில் அந்தப் பகுதியும் ஒன்று. அங்கேயும் 'இந்த ஜனங்களுக்குக் குடி ரத்தத்தில் ஊறியது' என்றுதான் பேச்சு.

நம் வேலையில் இன்னொன்றும் சேர்ந்தது. அடுத்தவர் வீட்டுப் பிணத்தின் முன்னால் நிற்க வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும், வீட்டுக்குள் போகக்கூடாது, சோறு தனியாக வரும். பச்சையாக இருக்கிற மனம் அதைத் தாங்காது என்று கொடுத்தவனுக்கும் தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும். மானம் மரத்துப்போக ஊற்றிய மருந்து அது. மரத்துப்போன பிறகு 'பார், குடிகாரன்' என்று சொல்வது மிச்ச வேலை. தண்டோராவுக்கு மாநிலம் முழுக்கத் தடை வர 2022 ஆகஸ்ட் வரை காத்திருந்தோம். சாவுக் கூலியில் வரும் குவார்ட்டரைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் இல்லை.

அரசின் கதையும் விசித்திரம்தான். 1937இல் சேலத்தில் மதுவிலக்கு தொடங்கியது, 1948இல் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி கடைகள் திறந்தன. 1983இல் டாஸ்மாக், 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில். 1987 முதல் கள்ளுக்குத் தடை. கோவளத்திலிருந்து செய்யூர் வரை கடலோரம் நிற்கிற பனைக்கும் நமக்கும் இருந்த உறவு அறுந்தது. பாட்டில் மட்டும் மிஞ்சியது. அந்தக் காசும் இல்லாதவர் கள்ளச்சாராயத்துக்குப் போகிறார். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் நம் மாவட்டத்து மதுராந்தகம் பகுதியிலும் மெத்தனால் குடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கு மேல். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தின்னும். பிழைத்தவர் பலருக்குக் கண் போகும். அந்தச் சாவுகளுக்கும் யாரோ பறையடித்திருப்பார்கள்.

மேதை என்றால் போதை வேண்டும் என்ற பேச்சு படித்தவர்களிடம் அதிகம். அமெரிக்கக் கறுப்பினத்து சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரை உதாரணம் காட்டுவார்கள். அவர் ஹெராயினும் குடியுமாக 34 வயதில், 1955இல் இறந்தார். அவரைப் பார்த்து, ஹெராயின் போட்டால் அப்படி வாசிக்கலாம் என்று நம்பிக் கெட்ட இளைஞர்கள் பலர். 1946இல் நிற்கக்கூட முடியாத நிலையில் அவர் வாசித்த ஒரு பதிவை நிறுவனம் வெளியிட்டபோது, அதை வெளியிட்டதே அவருக்குக் கோபம். கேட்கிறவர்கள் அந்தத் தடுமாற்றத்தில் சோகத்தைக் கேட்டார்கள். வாசித்தவர் பிழையைக் கேட்டார். ஜான் கோல்ட்ரேன் 1957இல் போதையை விட்டார். அவர் பெயரை இன்றும் சொல்ல வைக்கிற 'எ லவ் சுப்ரீம்' பதிவானது 1964இல். அவர்களுக்கும் வாசிக்க இடம் கிடைத்தது பெரும்பாலும் சாராயம் விற்கிற கூடங்களில்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனிக்கிழமை இரவு போய்ப் பாருங்கள். மதில் சுவருக்குள்ளே இசை, குடி, ஆட்டம் எல்லாம் இருக்கும். அதற்குப் பெயர் 'பார்ட்டி'. அதே நேரம் பக்கத்துக் காலனியில் ஒரு மரண கானா நடந்தால் அதற்குப் பெயர் 'குடிச்சிட்டுக் கூத்தடிக்கிறானுங்க'. ஒரே சாலை, ஒரே சரக்கு. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் உறவுகள் கன்னியம்மனுக்குக் கூடும்போதும் பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு, அருள் வந்து ஆடுவதும் உண்டு. ஒருவர் நிலை மறந்து ஆட, திரும்பத் திரும்ப வரும் அடியும் கூட்டமும் இரவும் போதும்.

அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் எடுக்கச் சொன்ன 22 உறுதிமொழிகளில் குடிக்க மாட்டேன் என்பதும் ஒன்று. அதற்கு முன்பே அயோத்திதாசர் நமக்கு நினைவூட்டிய பஞ்சசீலத்தின் ஐந்தாவதும் அதுவே. எங்களுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு: குடியாத ஒழுக்கத்தைக் காட்டித்தான் மரியாதை வாங்க வேண்டுமா? குடித்தாலும் மனிதன் மனிதன்தானே? ஆமாம். ஆனால் கூலியைச் சாராயமாக வாங்க மறுப்பது ஒழுக்கக் கேள்விக்கு முன்னால் கூலிக் கேள்வி. கடந்த முப்பது ஆண்டுகளில் திண்டுக்கல் சக்தி குழுவின் பெண்கள் பறையெடுத்தார்கள். சென்னையில் புத்தர் கலைக்குழு எடுத்தது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ வந்தது. பெண்கள் கையில் பறை வந்ததும் 'ஊத்தினால்தான் பேசும்' என்ற பேச்சு பாதி செத்துவிட்டது.

எங்கள் பகுதிப் பிள்ளைகள் அச்சாரம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறார்கள்: ஆளுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, மூன்று மணிக்கு மேல் போனால் இவ்வளவு. போன மாதம் ஒரு பெரியவர் பழக்கத்தில், "சரக்குக்குத் தனியா தரேன்பா" என்றார். "அதையும் காசாவே குடுத்துடுங்க ஐயா" என்றான் தம்பி. அவர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு, "எவ்ளோ போடலாம்?" என்று கேட்டார்.

அண்ணனின் பறை இப்போது அவர் மகளிடம் இருக்கிறது. அவள் குழு இங்கே அடிக்க வந்திருக்கிறது. கடல்காற்று ஈரத்தில் தோல் தளர்ந்துவிட்டதாம். வெளியே வைக்கோலும் பனையோலையும் போட்டுத் தீ மூட்டிக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். அதிகம் காய்ந்தால் கிழியும், கவனமாகப் பார்க்க வேண்டிய வேலை. பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.