நாலு டிகிரி சரிவு

1929 நவம்பர் 18 மாலை. நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குத் தெற்கே கடலடியில் 7.2 அளவுள்ள நிலநடுக்கம். அட்லாண்டிக்கைக் கடந்துபோன தந்திக் கேபிள்களில் 12 அறுந்தன. மையத்தை ஒட்டியிருந்தவை உடனே போயின. மற்றவை மேட்டிலிருந்து ஆழத்தை நோக்கி, வரிசையாக ஒவ்வொன்றாக அறுந்தன. கடைசிக் கேபிள் போனபோது 13 மணி நேரம் கடந்திருந்தது.

தந்தி நின்ற நேரங்கள் நிமிடத் துல்லியமாகப் பதிவாகியிருந்தன. 1952இல் கடலடி ஆய்வாளர்கள் புரூஸ் ஹீசனும் மாரிஸ் யூவிங்கும் கேபிள்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அந்த நேர இடைவெளியால் வகுத்தார்கள். நிலநடுக்கத்தால் சரிந்த சேறும் மணலும் கலந்த வெள்ளம் மணிக்கு சுமார் 100 கி.மீ. வேகம்வரை பாய்ந்திருக்கிறது என்று விடை வந்தது. பிந்தைய கணக்குகள் இதைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. அந்த மண்சரிவு கிளப்பிய சுனாமியில் 28 பேர் இறந்தார்கள்.

இத்தனைக்கும் மண் சரிந்த அந்த இடம் செங்குத்துப் பாறை இல்லை. ஆழங்குறைந்த கரையோரக் கடலடி ஆழ்கடலுக்கு இறங்கும் பகுதியான கண்டச்சரிவின் உலகச் சராசரிச் சாய்வே சுமார் 4 டிகிரிதான். 100 மீட்டருக்கு 7 மீட்டர் இறக்கம். நடந்து ஏறினால் மூச்சுகூட வாங்காது.

சாய்வை யாரும் நேரடியாக அளப்பதில்லை. கப்பலின் அடியிலிருந்து ஒலியை விசிறிபோல் அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் கணக்கிடுகிறார்கள். பிறகு கடலடியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் ஆழம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கிறார்கள். வம்பே கட்டத்தின் அளவில்தான். 30 மீட்டர் உயரப் பாறைச்சுவர் ஒன்று, 10 மீட்டர் கட்டத்தில் 70 டிகிரியைத் தாண்டும். உலக வரைபடங்களில் வழங்கும் சுமார் 450 மீட்டர் கட்டத்தில் அதே சுவர் 4 டிகிரிக்குள் அடங்கிவிடும். கேபிள் பதிப்பவர் எந்த வரைபடத்தை நம்புவார்? கப்பல் அளந்ததோ உலகக் கடலடியில் கால்வாசியை ஒட்டித்தான்; மீதி பெரும்பாலும் செயற்கைக்கோள் ஈர்ப்புத் தரவிலிருந்து ஊகித்தது.

சாய்வு சட்டத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது. 1982 ஐ.நா. கடல்சட்டம், 200 கடல் மைலுக்கு அப்பால் ஒரு நாட்டின் கடலடி உரிமையைச் சரிவின் அடிவாரத்திலிருந்து அளக்கிறது. அடிவாரம் என்பது, சரிவின் கீழ்ப்பகுதியில் சாய்வு மிக அதிகமாக மாறும் புள்ளி. இலங்கைக்கு இது பாதகம்: அங்கே கடல் கரைக்கு அருகிலேயே இறங்கிவிடுகிறது, வங்காள விரிகுடாவின் வண்டலோ வெகுதூரம் பரந்து கிடக்கிறது. அடிவாரத்திலிருந்து அளக்கும் பொது விதியைப் பிடித்தால் தன் கண்ட விளிம்பில் பாதிக்கும் மேல் கைநழுவும் என்று இலங்கை வாதாடியது. வண்டல் குறைந்தது 1 கி.மீ. தடிமனாக இருக்கும் இடம்வரை கோடு போடலாம் என்ற தனி ஏற்பாடு கடல்சட்ட மாநாட்டின் இறுதி ஆவணத்தில் இணைப்பாகச் சேர்ந்தது.