கொட்டுவது இன்று, காரணம் மூன்று மாதம் முன்பு

டைபாய்டு வந்து போனால் முடி கொட்டும் என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, பழையபடி சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் சீப்பில் முடி கொத்தாக வரும். கொரோனாவுக்குப் பிறகும் பலருக்கு இதுவே நடந்தது. காய்ச்சல் ஒரு முறை வந்து போவது. அதனால் கொட்டிய முடி பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். தைராய்டு குறைபாடு, சர்க்கரை, லூபஸ், முடக்குவாதம், பிசிஓஎஸ், வலிப்பு என்று ஆண்டுக்கணக்கில் கூடவே இருக்கும் நோய்களோடு வாழ்பவர்களுக்கு விஷயம் அவ்வளவு எளிதாகப் பிடிபடுவதில்லை. நோய், அதற்கான மாத்திரை, சத்துக்குறைவு, கவலை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. எதைக் குற்றம் சொல்வதென்று தெரியாமல் போர்வெல் தண்ணீரையும், புது ஷாம்புவையும், போன வாரம் டாக்டர் மாற்றிக்கொடுத்த மாத்திரையையும் குற்றம் சொல்கிறோம். இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி நாள் கணக்கு தவறுவதால் வருவது. முடியின் காலக்கணக்கு நம்முடையதைவிட மிக மெதுவானது. மெலிந்த முடி மீள வேண்டுமானால் எண்ணெயையும் மாத்திரையையும் மாற்றுவதற்கு முன் அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனிச் சுழற்சியில் இயங்குகிறது. வளரும் பருவம் 2 முதல் 6 ஆண்டுகள். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சி அடங்கும். அதன்பின் ஏறத்தாழ மூன்று மாத ஓய்வு. ஓய்வு முடியும்போது பழைய முடி உதிர, அதே மயிர்க்காலிலிருந்து புதியது கிளம்பும். 100-க்கு 10 முடி எப்போதும் ஓய்வில் இருப்பதாக வைத்துக்கொண்டால் அது 10,000 முடி. 100 நாளில் அவை உதிர்ந்தாக வேண்டும் என்றால் நாளொன்றுக்கு 100. தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. கடுங்காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவைச் சிகிச்சை, பட்டினிக்குச் சமமான உணவுக்கட்டுப்பாடு, தைராய்டு ஏற்ற இறக்கம் போன்ற நெருக்கடி வரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பகுதி முன்கூட்டியே ஓய்வுக்குப் போய்விடுகிறது. 100-க்கு 30 முடி அப்படிப் போனால் தினம் 300 கொட்டும். ஆனால் அந்தக் கொட்டல் நெருக்கடி வந்த அன்று தொடங்காது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தொடங்கும். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961-ல் இந்த நிலையை விவரித்து, டெலோஜென் எஃப்ளுவியம் என்று பெயரிட்டார்.

இதிலிருந்து முதல் பாடம்: முடி கொட்டத் தொடங்கிய தேதியிலிருந்து மூன்று மாதம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். சர்க்கரை எகிறி மருத்துவமனையில் படுத்தது எப்போது, தைராய்டு மாத்திரையைக் கைவிட்டது எப்போது, லூபஸ் சீறியது எப்போது, எடையை வேகமாகக் குறைத்தது எப்போது என்று தேடினால் பெரும்பாலும் விடை கிடைக்கும். உடல் எடையைக் குறைக்கத் தரப்படும் செமாகுளுடைட் ஊசிக்கான சோதனைகளில், ஊசி போட்டுக்கொண்டவர்களில் 3 சதவீதத்தினருக்கு முடி உதிர்ந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் அது 1 சதவீதம். எடை வேகமாக இறங்குவது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. இரண்டாவது பாடம் ஒரு பயத்தைத் தீர்ப்பது. கொட்டிய முடியின் ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் தெரியும். “வேரோடு வந்துவிட்டதே, இனி எங்கே முளைக்கப்போகிறது” என்று பலர் கலங்குவது அதைப் பார்த்துத்தான். அது ஓய்வில் இருந்த முடியின் அடிநுனி மட்டுமே. மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. தோல் மருத்துவர் 50, 60 முடிகளை விரல்களுக்கிடையே பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுத்துப் பார்ப்பார். பத்தில் ஒரு பங்குக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு இன்னும் நடக்கிறது என்று பொருள். நெற்றியோரம் கூரிய நுனியுடன் குட்டை முடிகள் எழுந்து நின்றால் மீட்சி தொடங்கிவிட்டது என்று பொருள்.

தைராய்டை எடுத்துக்கொள்வோம். சுரப்பு குறைந்தாலும் கூடினாலும் முடி மெலியும். லீவோதைராக்சின் மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில்கூடத் தற்காலிகமாக முடி உதிரலாம். அப்போது மாத்திரைதான் காரணம் என்று நிறுத்திவிடுபவர்கள், முடியைத் திரும்பத் தரக்கூடிய ஒரே வழியை அடைத்துக்கொள்கிறார்கள். தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் அளவு சீரானதும் மறுமாதமே முடி அடர்ந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் வீண். மயிர்க்கால்கள் ஓய்விலிருந்து எழுந்து, மாதத்துக்கு சுமார் 1 சென்டிமீட்டர் வீதம் வளர வேண்டும். மாத்திரையை எப்படி விழுங்குகிறோம் என்பதும் முக்கியம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி தேவை. முடிக்காக வாங்கிய இரும்புச்சத்து மாத்திரையைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டால், தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

இரும்புச்சத்துக்குத் தனி இடம் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ரத்தசோகை வராத நிலையிலேயே, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்தாலே முடி கொட்டுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ரத்தசோகையே வந்துவிட்டவர்களுக்கு அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் தகராறு இல்லை. நாட்பட்ட நோயாளிகளுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முடக்குவாதம், லூபஸ் போல உடம்பில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும். உள்ளே இரும்பு வற்றிக்கிடந்தாலும் பரிசோதனைத் தாளில் அளவு சரியாகத் தெரியும். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துத் தைரியமாகிவிடக் கூடாது. அதுபோல, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையக்கூடும். அதையும் டாக்டரிடம் கேட்டுச் சோதித்துக்கொள்வது நல்லது.

“எதற்கு இவ்வளவு சோதனை, ஒரு சத்து மாத்திரை போட்டால் போதாதா?” என்று கேட்கலாம். குறை இருந்தால்தான் சத்து மாத்திரை பயன் தரும். குறை இல்லாத இடத்தில் அது கெடுதலும் செய்யும். முடிக்கென்று கடையில் விற்கும் மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் அதிக அளவில் இருக்கிறது. ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் தைராய்டு, மாரடைப்புச் சோதனைகளின் முடிவுகள் பிறழலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது. தைராய்டு குறைவாக உள்ளவருக்கு, சுரப்பு கூடிவிட்டதுபோலச் சோதனை காட்டக்கூடும். அதை நம்பி டாக்டர் மருந்தைக் குறைத்தால் முடி மேலும் கொட்டும். வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் மிகுந்தாலே முடி உதிரும். 2008-ல் அமெரிக்காவில் தயாரிப்புத் தவறால் ஒரு சத்துத் திரவத்தில், குறிப்பிட்ட அளவைவிட ஏறத்தாழ 200 மடங்கு செலினியம் சேர்ந்துவிட்டது. அதைக் குடித்த சுமார் 200 பேர் பாதிக்கப்பட்டார்கள், பலருக்கு முடி கொட்டியது. மகாராஷ்டிராவின் புல்டாணா மாவட்டக் கிராமங்களில் 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் பலருக்கு திடீரெனத் தலை வழுக்கையானபோது, முதலில் தண்ணீரைத்தான் சந்தேகித்தார்கள். பிறகு ரேஷன் கோதுமையில் செலினியம் மிகுந்திருந்ததே காரணம் என்று மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் தம் ஆய்வின் அடிப்படையில் கூறினார்.

அடுத்து, அடிக்கடி கேட்கும் ஓர் எதிர்வாதம். உயிரோடு விளையாடும் நோய் இருக்கும்போது முடியைப் பற்றிக் கவலைப்படுவது அழகு ஆசைதானே என்பார்கள். சில மருத்துவர்களும் இந்தப் பேச்சை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நோயாளிக்கே கேடு செய்யும் நினைப்பு இது. வலிப்புக்குத் தரும் வால்புரோயேட், முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், சில ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவை சிலருக்கு முடியை மெலியவைக்கும். வெளியே சொல்ல வெட்கப்படும் நோயாளி வீட்டில் சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பும். முடக்குவாத மருந்தை விட்டால் மூட்டுகள் வீங்கும், அந்தச் சீற்றமே மறுபடி முடியைக் கொட்டவைக்கும். டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால் அளவைக் குறைப்பதற்கோ, மாற்று மருந்து தருவதற்கோ, மெத்தோட்ரெக்சேட்டோடு தரும் ஃபோலிக் அமிலத்தைச் சரிபார்ப்பதற்கோ இடமிருக்கிறது. முடியைப் பற்றி டாக்டரே ஒரு கேள்வி கேட்டால், நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். பாட்டி காய்ச்சிக்கொடுத்த தைலத்தில் முடி வளர்ந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. காய்ச்சலாலோ பிரசவத்தாலோ கொட்டும் முடி, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நின்று தானே முளைக்கத் தொடங்கும். கொட்டல் உச்சத்தில் இருக்கும்போது தைலம் தொடங்கினால், இரண்டு மூன்று மாதத்தில் எப்படியும் வரவிருந்த மீட்சியின் புகழ் தைலத்துக்குப் போய்விடுகிறது. எண்ணெயே வீண் என்று சொல்வதும் தவறு. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது முடி புரதத்தை இழப்பதைக் குறைக்கிறது என்று 2003-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. வளர்ந்த முடி உடையாமல் காக்க அது உதவும். ரத்தசோகையையும் தைராய்டையும் அதனால் தொட முடியாது. எண்ணெயை வைத்துக்கொண்டே ரத்தப் பரிசோதனைக்கும் போகலாம். இரண்டுக்கும் பகை இல்லை.

இப்படிப் பொறுமை பேசினால் காத்திருந்தே காலம் கடந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. காலக்கணக்கு தெரிந்தவருக்கே எங்கே காத்திருக்கக் கூடாது என்பதும் தெரியும். புற்றுநோய்க்கான கீமோவில் முடி இரண்டு மூன்று வாரத்திலேயே கொட்டும்; வளரும் முடியையே மருந்து தாக்குவதால் அங்கே மூன்று மாதக் கணக்கு செல்லாது. நாணயம் அளவுக்கு வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது உடம்பின் எதிர்ப்புச் சக்தி மயிர்க்காலைத் தாக்கும் புழுவெட்டாக இருக்கலாம். தைராய்டு நோய் உள்ளவர்களிடம் அதைக் கூடுதலாகக் காண்கிறோம். அதன் கடும் வகைக்கு பாரிசிட்டினிப் மாத்திரையை அமெரிக்கா 2022-ல் அனுமதித்தது. தலைத்தோல் சிவந்து, எரிந்து, பிறகு வழவழவென்று தழும்பாகிவிட்டால், லூபஸின் ஒரு வகையில் நடப்பதுபோல, மயிர்க்காலே அழிந்திருக்கும். அழிந்தது திரும்பாது என்பதால் அங்கே ஒவ்வொரு வாரமும் கணக்கு. வகிடு மெல்ல மெல்ல அகன்று உச்சியில் தோல் தெரிந்தால் அது பரம்பரையாகவோ பிசிஓஎஸ் போன்ற ஹார்மோன் கோளாறாலோ வரும் மெலிவாக இருக்கலாம், தானாக மீளாது. இதற்குத் தரும் மினாக்சிடில், 1979-ல் ரத்த அழுத்த மாத்திரையாக அமெரிக்காவில் வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெங்கும் முடி வளர்ந்ததைக் கண்டு, தலையில் தடவும் மருந்தாக்கி, 1988-ல் அனுமதித்தார்கள். தொடங்கிய முதல் சில வாரங்களில் பழைய முடியைத் தள்ளிவிடுவதால் கொட்டல் கூடும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்த முடியும் சில மாதங்களில் போய்விடும். இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மீள்வது என்றால் என்ன என்பதையும் சரியாக எதிர்பார்க்க வேண்டும். காரணம் நீங்கியபின் அடர்த்தி திரும்ப ஆறு மாதம் முதல் ஓராண்டு பிடிக்கும். நீளம் திரும்ப அதைவிடக் கூடுதல்: 30 சென்டிமீட்டர் வளர இரண்டரை ஆண்டு. அதுவரை உச்சியில் அடர்ந்தும் கீழே எலி வால் போலவும் சடை தொங்கும். அது நோய் முற்றியதன் அடையாளம் ஆகாது. நோய் அடிக்கடி சீறுபவர்களுக்கு முடியும் ஏறி இறங்கியபடி இருக்கும். அவர்களுக்கு மீட்சி என்பது நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பதுதான்.

ஆகவே அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் மூன்றை எழுதிக்கொண்டு போங்கள்: முடி கொட்டத் தொடங்கிய மாதம், அதற்கு மூன்று மாதம் முன்பு உடம்புக்கு நேர்ந்தது, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும். கடையில் நீங்களாக வாங்கிய சத்து மாத்திரையும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் வகிட்டைப் படம் எடுத்துவையுங்கள். எந்தச் சிகிச்சையையும் ஆறு மாதம் முடியாமல் எடைபோடாதீர்கள். சொட்டை, தழும்பு, எரிச்சல் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். முடிக்காக நோய் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.